‘ஆம்’ கட்டத்தில் ஒரு டிக்

“கடந்த 5 ஆண்டுகளில் தொடர்ந்து ஏதேனும் மருந்து எடுத்துக்கொண்டீர்களா?”

நேற்று ராத்திரி ஹெல்த் இன்சூரன்ஸ் விண்ணப்பத்தில் இந்த ஒரு கேள்வியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

காலையில் வெறும் வயிற்றில் போடும் தைராய்டு மாத்திரை. மிளகு அளவுதான் இருக்கும். அதை ஒரு நோய்க்கணக்கில் நான் சேர்த்ததே இல்லை.

“இல்லைன்னு போட்டுடு, பிரீமியம் ஏறிடும்” என்றார் வீட்டுக்காரர்.

கைகூட ‘இல்லை’ பக்கம் போய்விட்டது. ஆனால் நாளைக்குப் பெரிய பில்லோடு கிளைம் போட்டால், முதலில் பழைய மருத்துவச் சீட்டுகளைத்தான் கேட்பார்கள். மறைத்தது தெரிந்தால் பாலிசியே ரத்தாகலாம். ‘ஆம்’ போட்டேன்.

நாடு மாறி வந்து மூன்று வாரம். முதலில் பிடித்ததென்னவோ இருப்பதிலேயே மலிவான திட்டம்தான். (எனக்கு எப்பவும் அப்படித்தான்.) பொடி எழுத்தைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வெளிநோயாளிச் சிகிச்சை கிடையாது. டிடக்டிபிள் என்று ஒரு தொகை; அதைத் தாண்டும்வரை செலவு நம் தலையில். பிரசவத்துக்கு 12 மாதக் காத்திருப்பு. லீவில் சொந்த நாட்டுக்குப் போனால் இத்தனை நாள்தான் கவர் என்று ஒரு வரம்பு.

விசா வாங்க அது போதும். உடம்புக்குப் போதாது.

இன்று வேறொரு கம்பெனிக்கு ஒரே கேள்வியை மெயில் அனுப்பினேன்: ஆஸ்பத்திரிக்கு நீங்களே நேரடியாகக் கட்டுவீர்களா, இல்லை நான் கட்டிவிட்டு உங்களிடம் வாங்க வேண்டுமா?

பதில் இன்னும் வரவில்லை. டப்பாவில் 19 மாத்திரை இருக்கிறது.