320 என்ற எண்: பிரெக்ஸிட் நாட்குறிப்பு, மார்ச் – மே 2019

12 மார்ச், செவ்வாய்

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறுவதற்காகப் பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் இன்று நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் இரண்டாம் முறையாகத் தோற்றது. ஆதரவு 242, எதிர்ப்பு 391. ஜனவரி 15இல் இதே ஒப்பந்தம் 202-432 என்று விழுந்தது. இடையில் 230 வித்தியாசம் 149 ஆகியிருக்கிறது. அன்று எதிர்த்து ஓட்டுப் போட்ட ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சி உறுப்பினர்கள் 118 பேர், இன்று 75 பேர்.

இனி வரும் நாட்களைப் புரிந்துகொள்ள ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். காமன்ஸ் சபையில் இடங்கள் 650. வட அயர்லாந்தின் சின் ஃபெய்ன் கட்சியின் 7 பேர் அரசிக்கு உறுதிமொழி எடுக்க மறுப்பதால் சபைக்கே வருவதில்லை. சபாநாயகரும் துணைச் சபாநாயகர்கள் 3 பேரும் ஓட்டுப் போடுவதில்லை. மிச்சம் 639. நியூபோர்ட் வெஸ்ட் தொகுதி காலியாக இருப்பதால் இப்போதைக்கு 638. எல்லோரும் வந்தால் 320 கையில் இருந்தால்தான் எதையும் நிறைவேற்ற முடியும். 2017 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சிக்குக் கிடைத்தது 317. பிரிட்டனோடு இணைந்தே இருக்க வேண்டும் என்னும் வட அயர்லாந்துக் கட்சியான டி.யு.பி. தரும் 10 ஓட்டில்தான் அரசே நிற்கிறது. அந்த 10 பேருக்கும் இந்த ஒப்பந்தம் ஆகாது.

ஆகாததற்குக் காரணம் 'பேக்ஸ்டாப்'. அயர்லாந்து தீவில், பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்துக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் நடுவே ஓடும் சுமார் 500 கிலோமீட்டர் எல்லையில் மறுபடி சுங்கச் சாவடி முளைக்கக் கூடாது என்பதற்கான காப்பு ஏற்பாடு அது. வேறு வழி கண்டுபிடிக்கும்வரை பிரிட்டன் முழுவதும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பகுதியாக இருக்கும். சரக்குகளின் தர விதிகளில் வட அயர்லாந்து மட்டும் இன்னும் கூடுதலாக ஒட்டியிருக்கும். அதிலிருந்து தன்னிச்சையாக வெளியேற முடியுமா என்ற கேள்விக்கு, சட்ட ஆபத்து மாறவில்லை என்று இன்று காலை அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரல் ஜெஃப்ரி காக்ஸ் எழுத்தில் கொடுத்தார். மாலை ஓட்டெடுப்பின் முடிவு அப்போதே தெரிந்துவிட்டது.

13 மார்ச், புதன்

ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறலாமா என்று ஓட்டெடுப்பு. விலகலுக்குக் குறித்த மார்ச் 29 அன்று அப்படிப் போவதில்லை என்பது அரசின் தீர்மானம். எந்தத் தேதியிலும் கூடாது என்ற திருத்தம் 312-308 என்று ஜெயித்தது. உடனே அரசு, திருத்தப்பட்ட தன் தீர்மானத்தையே எதிர்க்கும்படி கொறடா உத்தரவு போட்டது. அதையும் மீறி 321-278 என்று அது நிறைவேறியது. அமைச்சர்கள் சிலரே ஓட்டுப் போடாமல் ஒதுங்கினார்கள். வேறு எந்தக் காலத்திலும் அமைச்சரவையில் நீடிக்க முடியாத காரியம் இது. ஒதுங்கிய அந்த அமைச்சர்களில் ஒருவர் பதவியும் இன்று போகவில்லை. ஒருவரை நீக்கினால் இன்னும் நாலு பேர் போவார்கள் என்ற பயம்.

இந்த ஓட்டுக்குச் சட்ட பலம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். மார்ச் 29 இரவு 11 மணி என்ற நேரம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது (பிரஸ்ஸல்ஸில் அப்போது நள்ளிரவு). வேண்டாம் என்று சபை சொன்னால் மட்டும் கடிகாரம் நிற்காது. ஒப்பந்தம், நீட்டிப்பு, அல்லது விலகல் அறிவிப்பைத் திரும்பப் பெறுதல், இந்த மூன்றில் ஒன்று நடந்தால்தான் நிற்கும்.

14 மார்ச், வியாழன்

அவகாசம் கேட்கலாம் என்று 412-202. பிரெக்ஸிட் துறை அமைச்சர் ஸ்டீஃபன் பார்க்லே தீர்மானத்தை ஆதரிக்கும்படி சபையைக் கேட்டுக்கொண்டார், பிறகு எழுந்துபோய் எதிர்த்து ஓட்டுப் போட்டார். தலைமை மேல் மக்களுக்கு நம்பிக்கை போனதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

18 மார்ச், திங்கள்

ஒப்பந்தத்தை மூன்றாம் முறை கொண்டுவரும் திட்டத்துக்குச் சபாநாயகர் ஜான் பெர்கோ தடை போட்டார். சபை ஒருமுறை முடிவு செய்த கேள்வியை, சாராம்சம் மாறாமல், அதே கூட்டத்தொடரில் மறுபடி வைக்கக் கூடாது என்பது 1604இலிருந்து வரும் மரபு. சபை நடைமுறைகளின் வேதமான எர்ஸ்கின் மே நூலை எடுத்து வைத்துப் பேசினார். அவர் பக்கச் சார்பாக நடக்கிறார் என்று ஒரு தரப்பு கொதிக்கிறது. ஆனால் விதி நியாயமானது. அது இல்லாவிட்டால் உறுப்பினர்கள் களைத்துப் போகும்வரை அரசு அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

21 மார்ச், வியாழன்

நேற்றிரவு பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். தான் மக்கள் பக்கம் நிற்பதாகவும், தாமதத்துக்கு உறுப்பினர்களே காரணம் என்றும் பேச்சு போனது. எந்த உறுப்பினர்களின் ஓட்டு வேண்டுமோ அவர்களையே மக்கள் முன் குற்றவாளியாக நிறுத்தினால், 12ஆம் தேதி எதிர்த்த 75 பேரில் ஒருவர்கூட மனம் மாற மாட்டார். இந்த இரண்டு ஆண்டுகளில் செய்த பெரிய பிழைகளில் இதையும் சேர்க்கிறேன்.

முதல் பிழை 2017 ஜனவரி 17இல் லங்காஸ்டர் ஹவுஸ் உரையில் நடந்தது. ஒற்றைச் சந்தையும் (சரக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வரும் ஏற்பாடு) கிடையாது, சுங்க ஒன்றியமும் (உள்ளே சுங்கவரி இல்லாமல், வெளிநாட்டுச் சரக்குக்கு ஒரே வரி வைக்கும் ஏற்பாடு) கிடையாது என்று எதிர்க்கட்சியோடு ஒரு வார்த்தை பேசாமல் கோடு கிழித்தார். 2016 பொதுவாக்கெடுப்பில் கேட்ட கேள்வி இருப்பதா, விலகுவதா என்பது மட்டும். 51.9 சதவீதம் விலகல், 48.1 சதவீதம் இருத்தல். எப்படி விலகுவது என்று வாக்குச்சீட்டில் இல்லை. நார்வேபோல ஒற்றைச் சந்தைக்குள் இருந்தபடி விலகலாம், கனடாபோல வெறும் வர்த்தக ஒப்பந்தத்தோடு விலகலாம், ஒன்றுமே இல்லாமலும் விலகலாம். விலகல் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனையும் அடங்கும். 2017 ஜூனில் தேர்தல் வைத்துப் பெரும்பான்மையை இழந்த பிறகும் கோட்டை அழிக்கவில்லை.

பேச்சின் எதிரொலி நாடாளுமன்ற மனுத் தளத்தில். விலகல் அறிவிப்பைத் திரும்பப் பெறு என்ற மனுவுக்குக் குவிந்த கையெழுத்தில் தளமே முடங்கியது. 10,000 கையெழுத்து வந்தால் அரசு பதில் சொல்ல வேண்டும், ஒரு லட்சம் வந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். அதற்கு மேல் எத்தனை லட்சம் வந்தாலும் மனு எதையும் கட்டாயப்படுத்தாது. கையெழுத்துப் போடுபவர்கள் பிரிட்டிஷ் குடிமக்களாகவோ அங்கே வசிப்பவர்களாகவோ இருக்க வேண்டும், மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தி உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யாத கையெழுத்து கணக்கில் வராது. திரும்பப் பெறுவதற்குப் பிரிட்டனின் முடிவே போதும், மற்ற 27 நாடுகளின் சம்மதம் வேண்டாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் கடந்த டிசம்பர் 10இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே மனு கேட்பது நடக்க முடியாத ஒன்றல்ல.

22 மார்ச், வெள்ளி

பிரதமர் ஐரோப்பிய ஒன்றியத்திடம் ஜூன் 30 வரை அவகாசம் கேட்டார், கிடைக்கவில்லை. ஒப்பந்தம் நிறைவேறினால் மே 22 வரை, இல்லாவிட்டால் ஏப்ரல் 12. இந்த இரு தேதிகளும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலிருந்து பிறந்தவை. தேர்தல் மே 23இல் தொடங்குகிறது. பிரிட்டன் அதில் கலந்துகொள்வதானால் ஏப்ரல் 12க்குள் அறிவிப்பு வெளியிட்டாக வேண்டும்.

25 மார்ச், திங்கள்

சனிக்கிழமை லண்டன் பார்க் லேனிலிருந்து நாடாளுமன்றச் சதுக்கம் வரை, மறுபடி மக்களிடம் கேள் என்று ஊர்வலம். 10 லட்சம் பேர் என்கிறார்கள் ஏற்பாட்டாளர்கள். அந்த எண்ணை நான் நம்பிப் பேச மாட்டேன், ஆனால் மாபெரும் கூட்டம்தான். வடக்கே சண்டர்லாந்திலிருந்து விலகல் ஆதரவாளர்கள் 16ஆம் தேதி முதல் நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள். இரு கூட்டத்துக்கும் ஒரே மனக்குறை: நாங்கள் சொன்னது கேட்கவில்லை.

ஒப்பந்தமில்லாமல் வெளியேற நேர்ந்தால் சோதனைகள் கூடும் என்று, டோவர் துறைமுகம் இருக்கும் கென்ட்டில் எம்20 நெடுஞ்சாலையின் ஒரு பக்கத்தை லாரிகளை நிறுத்தி வைக்க இன்றிலிருந்து ஒதுக்கிவிட்டார்கள். மறுபக்கத்திலேயே இரு திசைப் போக்குவரத்தும். டோவர் துறைமுகத்தில் பரபரப்பான நாளில் 10,000 லாரிகள்வரை கடந்து போகும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடச் சோதனை கூடினாலே வரிசை நெடுஞ்சாலைக்கு வந்துவிடும். ஒப்பந்தமில்லா நிலைமைக்காகச் செய்த கூடுதல் கப்பல் ஏற்பாட்டில், ஒரு கப்பல்கூட இல்லாத நிறுவனத்துக்கு 1.38 கோடி பவுண்டு ஒப்பந்தம் கொடுத்து, பிப்ரவரியில் ரத்து செய்தார்கள். ஒப்பந்தங்களை வழங்கிய முறையை எதிர்த்து வழக்குப் போட்ட, இங்கிலாந்து-பிரான்ஸ் கடலடிச் சுரங்க ரயிலை நடத்தும் யூரோடன்னலுக்கு 3.3 கோடி பவுண்டு கொடுத்துச் சமரசம். வரி கட்டுபவர்களின் கோபத்தில் நியாயம் உண்டு.

இன்றிரவு இன்னொன்று நடந்தது. சபையின் நிகழ்ச்சி நிரலை அரசிடமிருந்து சபையே எடுத்துக்கொள்ளும், கன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஆலிவர் லெட்வினின் திருத்தம் 329-302 என்று நிறைவேறியது.

27 மார்ச், புதன்

சபைக்கு எது வேண்டும் என்று சபையே தேடிய நாள். வழக்கமான ஓட்டெடுப்பில் மணி அடிக்கும், 8 நிமிடத்தில் கதவைப் பூட்டுவார்கள், ஆம் என்பவர்கள் ஒரு லாபி வழியாக, இல்லை என்பவர்கள் மறு லாபி வழியாக நடந்து எண்ணப்படுவார்கள். ஒரு கேள்விக்குக் கால் மணி நேரம். எட்டு யோசனைகளுக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால் காகிதத்தில் ஓட்டு: ஒரே தாளில் எட்டு யோசனைகள், ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை.

எட்டும் தோற்றன. இரவு அறிவித்தபடி, கன்சர்வேட்டிவ் உறுப்பினர் கென்னத் கிளார்க் முன்வைத்த சுங்க ஒன்றியம் 264-272. எந்த ஒப்பந்தமானாலும் மக்களின் ஒப்புதல் வேண்டும் என்பது 268-295. ஒப்பந்தமில்லா விலகல் 160-400.

சபை எதையும் விரும்பவில்லை என்று நாளைய தலைப்புச் செய்திகள் சொல்லும். அது முழு உண்மை இல்லை, ஓட்டெடுத்த முறையிலேயே கோளாறு இருக்கிறது. ஒவ்வொரு யோசனையையும் தனித்தனியாக ஆம்-இல்லை என்று கேட்டால், தன் முதல் விருப்பம் பிழைக்க வேண்டும் என்பதற்காக இரண்டாம் விருப்பத்தைக் கொல்வதுதான் கெட்டிக்காரத்தனம் ஆகிறது. மறு வாக்கெடுப்பை விரும்புபவர் சுங்க ஒன்றியத்தை வளரவிட மாட்டார். 2003 பிப்ரவரி 4இல் பிரபுக்கள் சபையைச் சீர்திருத்த ஏழு யோசனைகள் வைத்தார்கள். அன்றும் ஏழும் தோற்றன, 80 சதவீதம் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் என்ற யோசனை வெறும் 3 ஓட்டில் போனது. 1, 2, 3 என்று வரிசைப்படுத்தச் சொல்லி, கடைசியில் நிற்பதை நீக்கி, அதன் ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணியிருந்தால் ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும். எல்லோருக்கும் பிடித்ததாக இருக்காது, பலர் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருக்கும். அமைச்சரவை இந்த ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளவே இல்லை.

ஒப்பந்தம் நிறைவேறினால் பதவி விலகுவதாகப் பிரதமர் கட்சி உறுப்பினர்களிடம் சொல்லியிருக்கிறார். தன்னிடமிருந்த கடைசிப் பண்டத்தையும் விலைக்கு வைத்துவிட்டார்.

29 மார்ச், வெள்ளி

விலகியிருக்க வேண்டிய நாள். 585 பக்க விலகல் ஒப்பந்தத்தை மட்டும் தனியே பிரித்து, எதிர்கால உறவு பற்றிய 26 பக்க அரசியல் பிரகடனத்தை விட்டுவிட்டுக் கொண்டுவந்தார்கள். சபாநாயகரின் விதியைத் தாண்டுவதற்கு அந்தப் பிரிப்பு உதவியது. மே 22 வரை அவகாசம் பெறவும் அது போதும். ஆனால் ஒப்பந்தத்தை முறைப்படி உறுதி செய்ய, இரண்டையும் சபை ஏற்க வேண்டும் என்கிறது 2018 விலகல் சட்டத்தின் 13ஆம் பிரிவு. எப்படியும் 286-344 என்று தோற்றது. கன்சர்வேட்டிவ் எதிர்ப்பு 34 பேராகச் சுருங்கியும் டி.யு.பி.யின் 10 பேர் அசையவில்லை. வெளியே சதுக்கத்தில் சண்டர்லாந்திலிருந்து வந்தவர்கள் நின்றிருந்தார்கள்.

1 ஏப்ரல், திங்கள்

இரண்டாம் சுற்று, நான்கு யோசனைகள், அதே ஆம்-இல்லை முறை. சுங்க ஒன்றியம் 273-276. மூன்றே ஓட்டு! நார்வே பாணி யோசனை 261-282, மக்கள் ஒப்புதல் 280-292. நார்வே யோசனையைக் கொண்டுவந்த நிக் போல்ஸ், தன் கட்சி சமரசத்துக்கு வர மறுக்கிறது என்று சொல்லி அந்த இடத்திலேயே கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து விலகினார். மறு வாக்கெடுப்பே வேண்டும் என்றவர்களில் பலர் சுங்க ஒன்றியத்துக்குக் கை கொடுக்கவில்லை. அவர்களில் இருவர் எதிர்ப்பிலிருந்து ஆதரவுக்கு மாறியிருந்தாலே முடிவு திரும்பியிருக்கும்.

3 ஏப்ரல், புதன்

ஒப்பந்தமில்லாமல் விழுவதைத் தடுக்க, நீட்டிப்புக் கேட்கும்படி பிரதமரைக் கட்டாயப்படுத்தும் மசோதா ஒரே நாளில் காமன்ஸ் சபையைத் தாண்டியது. 313-312. இன்னொரு நாள் யோசனை ஓட்டெடுப்பு நடத்தலாமா என்ற திருத்தம் 310-310 என்று சமமானது. சமமானால் சபாநாயகர் மாற்றத்தை உண்டாக்கும் பக்கம் ஓட்டுப் போடக் கூடாது. வேண்டாம் என்று போட்டார்.

12 ஏப்ரல், வெள்ளி

அக்டோபர் 31 வரை நீட்டிப்பு. ஐரோப்பியத் தேர்தலை நடத்த வேண்டும் என்பது நிபந்தனை, நடத்தாவிட்டால் ஜூன் 1இல் வெளியேற வேண்டியதுதான்.

அங்கே வசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் தங்கும் உரிமையோடு வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலே ஓட்டுப் போடலாம். 2016 பொதுவாக்கெடுப்பிலும் அவர்களுக்கு ஓட்டு இருந்தது. அதே தெருவில் இருபது வருடம் வாழ்ந்த போலந்துக்காரருக்கோ ஜெர்மானியருக்கோ இருக்கவில்லை. இந்தத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு உண்டு, ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. சொந்த நாட்டில் அல்ல, இங்கேதான் ஓட்டுப் போடுவேன் என்று தனிப் படிவம் ஒன்றை மே 7க்குள் நிரப்பித் தர வேண்டும். நடக்குமா நடக்காதா என்று தெரியாத தேர்தலுக்கு இத்தனை குறுகிய அவகாசம் என்றால், படிவம் கை சேராமல் போகும்.

24 மே, வெள்ளி

அப்படித்தான் ஆனது. நேற்று பல ஊர்களில் ஐரோப்பிய நாட்டவர்கள் வாக்குச்சாவடிவரை வந்து, பெயர் அடித்திருப்பதைப் பார்த்துத் திரும்பினார்கள். படிவம் கிடைக்கவில்லை என்றவர்களும் உண்டு, அனுப்பியும் பதிவாகவில்லை என்றவர்களும் உண்டு.

இன்று காலை தெரசா மே கண்கலங்கி விலகலை அறிவித்தார். ஜூன் 7இல் கட்சித் தலைமையை விடுகிறார். அடுத்து ஆளும் கட்சி உறுப்பினர்கள் சபைக்குள் சுற்றுச் சுற்றாக ஓட்டுப் போட்டு இரண்டு பேராகக் குறைப்பார்கள். அந்த இருவரில் ஒருவரைச் சந்தா கட்டிய கட்சிக்காரர்கள் தேர்ந்தெடுப்பார்கள். நாட்டின் பிரதமரைத் தேர்வு செய்யும் இந்த வேலையில் மற்ற கோடிக்கணக்கான வாக்காளர்களுக்குப் பங்கில்லை.

27 மே, திங்கள்

பிரிட்டனின் 73 இடங்களில் பிரெக்ஸிட் கட்சிக்கு 29, லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 16, முக்கிய எதிர்க்கட்சியான லேபருக்கு 10, பசுமைக் கட்சிக்கு 7, கன்சர்வேட்டிவுக்கு 4. ஆண்டுகொண்டிருக்கும் கட்சிக்கு ஐந்தாம் இடம். 29 வந்ததால் ஒப்பந்தமே வேண்டாம் என்கிறது ஒரு தரப்பு, 16ஐயும் 7ஐயும் சேர்த்துக் காட்டி மறு வாக்கெடுப்பு என்கிறது இன்னொரு தரப்பு. காமன்ஸ் சபையில் இதனால் ஓர் ஓட்டும் இடம் மாறவில்லை. அங்கே அடுத்து மாறக்கூடியது ஒரே ஓர் இடம்: ஜூன் 6, பீட்டர்பரோ இடைத்தேர்தல்.