பயத்தோடுதான் அந்தக் கட்டிலில் ஏறினேன்

சீனி வருத்தமும் பிரஷரும் சேர்ந்து என் இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டன. இனி டயலிசிஸ், அதாவது மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்வது, இல்லாமல் முடியாது என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னதும் எனக்குச் சாவு நினைவுக்கு வரவில்லை. ஊசிதான் வந்தது. என் இரத்தம் உடம்புக்கு வெளியே குழாயில் ஓடுவதை நானே பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும், அதுவும் வாழ்நாள் முழுக்க. அதை நினைத்து இரவில் தூக்கமே போனது. திருகோணமலையில் இதே வாசலில் நிற்கிற யாராவது வாசிக்கக்கூடும் என்பதால், ஆண்டவர் என்னை இதற்குள்ளால் நடத்திய விதத்தை எழுதுகிறேன்.

முதலில் கையில் பிஸ்டுலா செய்தார்கள். நாடி ஒன்றையும் நாளம் ஒன்றையும் சேர்த்துத் தைக்கிற சத்திரசிகிச்சை. அந்த நாளம் தடித்து ஊசி தாங்கும் பலத்துக்கு வர ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை ஒரு ரப்பர் பந்தைப் பிசையச் சொன்னார்கள். வீட்டில் மாலை ஜெபத்துக்கு உட்காரும்போதும் பந்து கையில்தான் இருக்கும். தொட்டால் தோலுக்கடியில் விர்ரென்று அதிர்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடக் கூடாது, இரத்தம் எடுக்க விடக் கூடாது, வளையல் போடக் கூடாது, அதன்மேல் சரிந்து படுக்கவும் கூடாது.

முதல் நாள் வந்தது. இரண்டு தடித்த ஊசிகள். ஒன்று இரத்தத்தை எடுத்துக் கொடுக்கும், மற்றது சுத்தமான இரத்தத்தைத் திரும்ப ஏற்றும். நான்கு மணிநேரம். "அக்கா, கையை இறுக்காதீங்க" என்று நர்ஸ் சொல்லச் சொல்ல எனக்குக் கை இறுகியது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த 23ஆம் சங்கீதம்கூட வாயில் வரவில்லை. வந்தது ஒரே வரி: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." 56ஆம் சங்கீதம். காத் ஊரில் பெலிஸ்தர் பிடித்த வேளையில் தாவீது பாடியது என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. கோலியாத்தை வீழ்த்திய மனிதர் தனக்குப் பயம் என்று தேவனிடம் ஒத்துக்கொள்கிறார். அதுவரை பயம் போகட்டும், போகட்டும் என்றே ஜெபித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு, "பயமாயிருக்கிறது ஆண்டவரே, கூட இரும்" என்று மட்டும் சொன்னேன். ஊசி ஏறியது. பயம் குறையவில்லை, ஆனால் நான் எழுந்து ஓடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் கிண்ணியாவிலிருந்து வருகிற நானா, அதாவது முஸ்லிம் அண்ணன் ஒருவர். அவருக்கு ஊசி ஏறும் நேரம் 'பிஸ்மில்லாஹ்' என்பார். "தங்கச்சி, நீங்க உங்கட வேதத்தைச் சொல்லுங்க, நான் என்ட ஓதலை ஓதுறன்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். எதிரில் நெற்றி நிறையத் திருநீற்றோடு கோணேசர் கோவிலுக்குப் போய்விட்டு வருகிற அம்மா. நான்கு மணிநேரத்தை எங்களுக்குள் பேசியே ஓட்டிவிடுவோம்.

ஊசிக்கு மெல்ல மெல்லப் பழகினேன். தாகத்துக்குப் பழக முடியவில்லை. சிறுநீர் குறைந்துவிட்டதால் குடிப்பதெல்லாம் உடம்பில்தான் தங்கும். மிஞ்சிக் குடித்தால் கால் வீங்கும், மூச்சு முட்டும். சேர்ந்த தண்ணீரை மெஷின் ஒரேயடியாக இழுக்கும்போது பிரஷர் இறங்கிக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். அதனால் தேத்தண்ணி, சொதி எல்லாம் சேர்த்துத்தான் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளவு. ஞாயிறு திருவிருந்தின் சின்னக் கிண்ணமும் அந்தக் கணக்கில்தான். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அனலாய் அடிக்கும்போது வீதியோரம் குலை குலையாக இளநீர் தொங்கும். பொட்டாசியம் அதிகம் என்பதால் அதைத் தொடவே முடியாது. ஒரு ஐஸ் கட்டியை நாக்கில் வைத்துக் கரையக் கரைய உறிஞ்சிக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் பெரிய வெள்ளி ஆராதனையில் இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் தியானித்தார்கள். "தாகமாயிருக்கிறேன்" என்ற ஐந்தாம் வார்த்தை வந்தபோது என் உதடு வெடித்திருந்தது. சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தைதான். அன்றைக்கு என் இயேசுவுக்கும் நாக்கு இப்படித்தானே ஒட்டியிருக்கும் என்று நினைத்து அழுதேன். தாகம் தீரவில்லை. அதில் நான் தனியாக இல்லை என்பது மட்டும் உறுதியாகத் தெரிந்தது. இன்றைக்கும் நா வறளும்போது முதலில் வருவது அந்த நினைவுதான்.

ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். "விசுவாசம் இருந்தால் மெஷின் எதற்கு? அதை விட்டுவிட்டு ஜெபக் கூட்டத்துக்கு வாங்க" என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். டயலிசிஸைத் தவறவிட்டால் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடக்கூடும். நுரையீரலில் நீர் கட்டக்கூடும். அப்போஸ்தலன் பவுல், மாம்சத்தில் முள் என்று தான் சொன்ன உபாதையை நீக்கச் சொல்லி மூன்று தரம் வேண்டினார், அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. அதே பவுல் லூக்காவைப் 'பிரியமான வைத்தியன்' என்றும் எழுதுகிறார். சுகம் தரச் சொல்லி நானும் தினமும் கேட்கிறேன். கேட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறுகிறேன்.

புதிதாகத் தொடங்கப் போகிறவர்களுக்கு: டாக்டர் பிஸ்டுலா செய்யச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள், அது பலப்படக் காலம் வேண்டும். பொட்டாசியம் குறைய, கீரையையும் கிழங்கையும் நறுக்கி நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள். பயமாயிருந்தால் நர்ஸிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊசி குத்தும் இடத்தை மரக்கச் செய்ய மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் ஜெபிக்கிறவர்களிடமும் மறைக்காதீர்கள். எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் சொன்ன பிறகுதான், ஆளுக்கொரு முறை ஒருவர் என்னோடு துணைக்கு வரத் தொடங்கினார்கள்.