ஏழு கோழி, ஒரு நோட்டு: கோட்டையூர் கொல்லையில் பதினோரு மாதம்

புரட்டாசி, ஐப்பசி

எங்கள் வீட்டுக் கொல்லையில் மாட்டுக்கொட்டகை இருந்த இடம் வெறும் செம்பூராங்கல் மேடையாகக் கிடந்தது. மாடு விற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த மேடையைப் பார்க்கும்போதெல்லாம் கோழி வளர்க்கலாமே என்று தோன்றும். போன புரட்டாசியில்தான் அது கைகூடியது.

தெரிந்த வீட்டிலிருந்து நாலு மாதமான சிறுவிடைப் பெட்டைகள் ஐந்து, ஒரு சேவல் வாங்கினேன். கூடவே கிராமப்பிரியா இரண்டு. எங்கள் பக்கத்து மண்ணுக்கும் வெயிலுக்கும் பழகியது சிறுவிடை. தானே மேயும், தானே அடைகாக்கும், குஞ்சை விட்டுக்கொடுக்காது. ஆனால் வருடத்துக்கு 60, 70 முட்டைக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கிராமப்பிரியா ஹைதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய ரகம். வருடத்துக்கு 200 முட்டை தாண்டும், அடைக்கு உட்காரும் எண்ணமே அதற்கு அநேகமாக வராது. இரண்டும் கலந்திருந்தால் வருடம் முழுக்க வீட்டில் முட்டை இருக்கும் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு சரிதான். ஆனால் சிறுவிடையின் பங்கை நான் புரிந்துகொள்ள ஐந்தாறு மாதம் ஆனது.

கூடு ஆறடிக்கு நாலடி. மேடைக்கு மேல் இரண்டடி உயரத்தில் தளம், கீழ்ப்பாதி செங்கல், மேல்பாதி அரை அங்குலக் கம்பிவலை. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கிறது. அப்படி வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் அகலம் குறைந்த பக்கத்தில்தான் படும். கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் போடலாம் என்றார் இவர். சித்திரையில் அதற்கடியில் எதுவும் உயிரோடு இருக்காது என்று சொல்லித் தென்னங்கீற்று வேய்ந்தேன். வருடாவருடம் மாற்ற வேண்டும்தான், பரவாயில்லை.

ஐப்பசி மழையில் கூட்டுக்குள் ஈரம் ஏறாமல் பார்ப்பதே வேலையாக இருந்தது. உமியைக் கிளறிக் கிளறிப் போட்டேன். அந்த மாதம் வேறு எழுத ஒன்றுமில்லை.

மார்கழி, தை

மார்கழி இரண்டாம் வாரம், விடியலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது கொல்லையில் சிறுவிடைப் பெட்டைகளில் ஒன்றான செவலை விடாமல் கேறியது. அத்தை அடுப்படியிலிருந்தே, "ஏத்தா, போய்ப் பாரு, இடப்போகுது" என்றார்கள். கூடைக்குள் வைக்கோலில் சின்னதாக ஒரு முட்டை. ஓட்டில் ஒரு பக்கம் மட்டும் ரத்தக்கீறல் இருந்தது. முதல் முட்டையில் சில நேரம் அப்படி இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள் அத்தை. சமையலறைத் தராசில் வைத்தேன், 28 கிராம். இப்போது அதே செவலையின் முட்டை 40 கிராம் நிற்கிறது.

அன்று முதல் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் தேதியும் கோழியின் முதல் எழுத்தும் எழுதுகிறேன். யார் இட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஐந்தும் ஐந்து மாதிரி இடும். செவலையுடையது உருண்டை. கருப்பியுடையது ஒரு முனை கூராக இருக்கும். சாம்பலியின் ஓட்டில் மணல் தூவியது போல் புள்ளி. ஒரு மாதம் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

செவலை 16 நாளில் 13 முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்தது. கைவைத்தால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே உறுமல். அத்தை பழைய மண்சட்டியில் மணல் கொட்டி, மேலே வைக்கோல் பரப்பி, 11 முட்டை அடுக்கினார்கள். ஓரத்தில் ஒரு கரித்துண்டு, ஒரு வரமிளகாய், ஒரு இரும்பாணி. இடிக்குக் காவல் என்றார்கள். அவர்கள் அம்மாவும் அப்படித்தான் வைப்பார்களாம். நானும் எடுக்கவில்லை. ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கரு பிடித்த முட்டைக்குள் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திக்கால் போலச் சிவப்பு நரம்புகளும் தெரிந்தன. இரண்டு மட்டும் தெளிவாக இருந்தன, எடுத்துவிட்டேன். விட்டிருந்தால் கூமுட்டையாகி மற்றதையும் நாறடித்திருக்கும்.

தை மாதக் கணக்கு நோட்டில் 71 முட்டை.

மாசி

46. அதில் 37 இரண்டு கிராமப்பிரியா இட்டவை. ஐந்து சிறுவிடையும் சேர்ந்து கொடுத்தது வெறும் ஒன்பது.

தீவனம் போதவில்லையோ என்று கம்பைக் கூட்டினேன், கடலைப்புண்ணாக்கு சேர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நோட்டைப் பின்னால் புரட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. செவலை முட்டையோடு அடையில் இருக்க, கருப்பியும் சாம்பலியும் அடுத்தடுத்து வெறும் கூடையில் அடைக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் பாவம் என்று விட்டுவைத்திருக்கிறேன். அடையில் இருக்கும் கோழி முட்டையிடாது. குஞ்சு பொரித்தாலும் பொரிக்காவிட்டாலும் அது உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் முட்டையில்லாத நாள்.

இந்தப் பதினோரு மாதத்தில் நான் கற்றதில் எனக்கு மிகவும் உதவியது இதுதான்: சிறுவிடையில் முட்டை வேண்டுமானால் யார் அடைக்குப் போவது, எப்போது போவது என்பதை நாம்தான் முறை வைத்து நடத்த வேண்டும். தீவனம் அதற்கு அடுத்ததுதான். ஒரு நேரத்தில் ஒருத்திக்கு மட்டுமே முட்டை வைத்து உட்காரவிடுகிறேன். மற்றவளுக்கு அடை தெளிவிக்க வேண்டும். ஊரில் மூக்கில் இறகு செருகுவார்கள், தண்ணீரில் முக்குவார்கள். எனக்கு இரண்டுக்கும் மனசு வரவில்லை. நாலு செங்கல் மேல் கம்பிவலைச் சட்டத்தை வைத்து, அதன்மேல் கோழி அடைக்கும் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து உள்ளே விடுகிறேன். வைக்கோல் கிடையாது. வயிற்றுக்கடியில் காற்று போகும், சூடு தணியும். தீவனமும் தண்ணீரும் தாராளமாக உண்டு. மூன்று நாள், பிடிவாதக்காரியாக இருந்தால் ஐந்து நாள். அப்புறம் இரண்டு வாரத்தில் மறுபடி முட்டை. தெளிவிப்பதை முதல் நாளே தொடங்க வேண்டும். ஒரு வாரம் உட்காரவிட்டுப் பிறகு தொடங்கினால் இரண்டு மடங்கு நாள் ஆகிறது.

மாசியில் செவலைக்கு எட்டுக் குஞ்சு. அதே வாரம் சேவலை இழந்தோம். அது கூட்டுக்குள் வராமல் மாமரத்தில் அடையும். ஒரு ராத்திரி மரநாய் பிடித்துக்கொண்டு போய்விட்டது.

பங்குனி

இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும்.

சேவல் இல்லாமல் அடை வைக்க முடியாதே என்று சந்தையில் ஒரு சேவலை வாங்கி, அன்று சாயங்காலமே கூட்டில் விட்டேன். நாலாம் நாள் அது தலையைத் தொங்கப்போட்டு நின்றது. எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகப் போனது. ஆறாம் நாள் இறந்தது. அடுத்த வாரம் குஞ்சுகள். ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டமாகவே நடந்தது. அதைக் கையில் எடுத்து வைத்திருந்தேன், உள்ளங்கைச் சூட்டில் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. எட்டில் ஐந்து போய்விட்டன.

வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் என்று மருந்தகத்தில் சொன்னார்கள். பெரிய கோழிகள் தப்பியதற்குக் காரணம் பிப்ரவரி முகாமில் அவற்றுக்குத் தடுப்பூசி போட்டிருந்தது. வருடாவருடம் பிப்ரவரியில் இரண்டு வாரம் அரசுக் கால்நடைத் துறை இலவசமாகப் போடுகிறது. குஞ்சுகள் அந்த முகாமுக்குப் பின் பிறந்தவை.

குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, நாலு வாரத்தில் லசோட்டா தடுப்புமருந்து குடிதண்ணீரில், எட்டு வாரத்தில் ஆர்2பி தடுப்பூசி. இது எனக்கு முன்பே தெரியும். பின் ஏன் போடவில்லை என்றால், மருந்து நூறு கோழிக்கு, இருநூறு கோழிக்கு என்று ஒரே குப்பியாகத்தான் வருகிறது. கலக்கிவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் குஞ்சுக்காக ஒரு குப்பியை உடைப்பதா என்று தள்ளிப்போட்டேன். இப்போது எங்கள் தெருவில் கோழி வைத்திருக்கும் நாலு வீட்டுக்காரர்கள் பேசிவைத்திருக்கிறோம். யார் வீட்டில் குஞ்சு பொரித்தாலும் ஒரே வாரத்தில் எல்லோரும் பொரிக்கிற மாதிரி அடை வைப்பது, ஒரு குப்பியைப் பகிர்ந்துகொள்வது. வெளியிலிருந்து எந்தக் கோழி வந்தாலும் மூன்று வாரம் முன்கட்டுப் பக்கம் தனிப் பஞ்சாரத்தில்தான் இருக்கும். அதற்குத் தண்ணீர் வைத்த கையோடு கொல்லைக்குப் போகமாட்டேன்.

சித்திரை, வைகாசி

வெயில். மதியம் கோழிகள் இறக்கையை அகட்டி, வாயைத் திறந்து மூச்சிரைத்தபடி வாழைமரத்தடியில் கிடக்கும். ஓடு மெலிந்துகொண்டே வந்தது. வைகாசி முதல் வாரம் பெரிய கிராமப்பிரியா தோல்முட்டை இட்டது. ஓடே இல்லை. தண்ணீர் நிரப்பிய சவ்வுப்பை மாதிரி கையில் தளும்பியது.

கோழிக்கு வியர்வை கிடையாது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்திலிருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. ஓடு என்பது கால்சியம் கார்பனேட். அதற்கு வேண்டிய கார்பனேட் ரத்தத்தில் குறைந்துபோனால் கால்சியம் எவ்வளவு தின்றாலும் ஓடு சரியாகக் கட்டாது. அத்தோடு வெயிலில் தீனியும் குறைந்துவிடும். ஆக இரண்டு பக்கமும் அடி.

அந்தச் சமயம் பக்கத்து வளவில் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. சுவருக்குப் பழைய முறையில் சுண்ணாம்புப் பூச்சு. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதற்காக மேஸ்திரி என்னிடம் முட்டை கேட்டு வந்தார். கடை முட்டை தட்டுத்தட்டாக இறக்கியிருந்தார்கள், அன்றைக்குக் கொஞ்சம் பற்றவில்லை. இருபது கொடுத்தேன். வெள்ளையைத் தனியாக எடுத்துக்கொண்டு மஞ்சள் கருவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பூசிய இடத்தை வழவழப்பான கல்லால் தேய்க்கத் தேய்க்க, சுவரில் என் முகம் மங்கலாகத் தெரிந்தது. நூறு வருட வீடுகளின் சுவர் இன்றும் கண்ணாடியாக இருப்பதைத் தினம் பார்த்து வளர்ந்தவள்தான், ஆனாலும் என் கோழியின் முட்டை அதில் போனதைப் பார்த்து நின்றது வேறு மாதிரி இருந்தது.

பேச்சுவாக்கில் தோல்முட்டையைப் பற்றிச் சொன்னேன். "அதுக்கென்ன தாயி, கிளிஞ்சல் போடுங்க" என்றார். அவர்களே சுண்ணாம்பு சுடுகிறார்கள், மூட்டை மூட்டையாகக் கிளிஞ்சல் கிடந்தது. சுட்டதை எடுக்கப் போனேன், தடுத்தார். "அது தண்ணி பட்டாக் கொதிக்கும், கோழி வாய் வெந்துரும். இந்தாங்க, பச்சைக் கிளிஞ்சல்." ஒரு சாக்கு நிறையக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அதை உரலில் இடித்து, அரிசி அளவு நொறுக்கி, தனிக் கொட்டாங்கச்சியில் வைக்கிறேன். தீவனத்தோடு கலப்பதில்லை, வேண்டுமென்கிற கோழி வேண்டுமளவு கொத்திக்கொள்ளும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் வைப்பது. ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் ராத்திரியில் நடக்கிறது, அந்நேரம் இரைப்பையில் கிளிஞ்சல் இருந்தால் அது மெல்லக் கரைந்து உதவும். தீனியையும் காலை ஐந்தரைக்கும் மாலை ஐந்து மணிக்குமாக மாற்றினேன். மதியம் மண்பானைத் தண்ணீர், நனைத்த சாக்குப்படுதா, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம். பத்து நாளில் ஓடு தட்டினால் டக்கென்று கேட்கும் அளவுக்கு வந்தது. இந்த இரண்டு மாதமும் அடை வைக்கவில்லை. இந்தச் சூட்டில் முட்டை சில நாள் வெளியில் இருந்தாலே கரு கெட ஆரம்பித்துவிடும்.

ஆனி, ஆடி

தப்பிய மூன்று குஞ்சுகளும் வளர்ந்துவிட்டன. அவற்றுக்காகப் பழகியதுதான் கரையான் பானை, இப்போதும் விடவில்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று ஓரமாகச் சாயங்காலம் கவிழ்த்துவைத்தால் விடியலில் பானைக்குள் வெள்ளைவெள்ளேரென்று நெளியும். எங்கள் செம்மண்ணில் கரையானுக்குப் பஞ்சமே இல்லை. பானையை நிமிர்த்துமுன் குஞ்சுகள் என் கால்மேல் ஏறி நிற்கும். வெயில் ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கரையான் இறங்கிப் போய்விடும்.

முறை வைத்து நடத்தியதில் ஆனி மாதக் கணக்கு 79: கிராமப்பிரியா 43, சிறுவிடை 36. மாசியில் ஒன்பது கொடுத்த அதே ஐந்து கோழிகள்தான், அதிலும் ஒருத்தி அந்த மாதம் பாதி நாள் அடையில். எதிர்வீட்டு ஆச்சி வாரம் பத்து முட்டை வாங்கிக்கொள்கிறார்கள், ஒன்று 15 ரூபாய். சிறுவிடை முட்டைதான் வேண்டும் என்பார்கள், பேரனுக்கு.

கருப்பிக்கு ஆனி நடுவில் ஒன்பது முட்டை வைத்தேன். சேவல் புதிது, மூன்று வாரம் தனியே இருந்து வந்தது. ஆடியில் ஏழு குஞ்சு பொரித்தது. அதே வாரம் மற்ற மூன்று வீட்டிலும் பொரித்து, தெருவில் மொத்தம் 31 குஞ்சு.

ஏழாம் நாள் நேற்று. ஐஸ் போட்ட பிளாஸ்கில் குப்பியைக் கொண்டுவந்து, எங்கள் திண்ணையில் வைத்துக் கலக்கினோம். ஆளுக்கொரு கூடையில் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். அத்தை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, நான் சொட்டு விட்டேன். கருப்பியின் கடைசிக் குஞ்சு, பங்குனியில் என் கையில் இருந்ததைப் போலவே சாம்பல் நிறம். மருந்து கண்ணில் விழுந்ததும் ஒருமுறை இமைத்தது. சொட்டு உள்ளே இறங்கும்வரை அசையாமல் பிடித்திருந்து, பிறகு தாய் பக்கம் விட்டேன்.