முதுநகர் வலைக்கடையில் டாக்கரா, பாட்மேனா?

அக்கா வீட்டுக்காரர் கடலூர் முதுநகரில் வலை, கயிறு, ஈயக்குண்டு விற்கிற கடை வைத்திருக்கிறார். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகுக்காரர்கள் வலையைச் சரிபார்ப்பது அப்போதுதான் என்பதால் கடன் நோட்டு மளமளவென்று நிரம்பும். அந்த நோட்டுக்குப் பதிலாக ஜாங்கோவில் (பைதான் மொழியில் இணையச் செயலி எழுத உதவுவது) ஒரு சின்னச் செயலி எழுதிக் கொடுத்தேன். ஒரு கன்டெய்னரில் (தேவையானதையெல்லாம் சேர்த்து அடைத்துத் தனியாக ஓட விடும் பெட்டி மாதிரி) செயலி, இன்னொன்றில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். கல்லாவுக்குக் கீழே 4 ஜிபி மெமரியுள்ள பழைய டெஸ்க்டாப். எனக்கு வேலை புதுச்சேரியில். நினைத்த நேரத்தில் பஸ் ஏறி வர முடியாது.

கன்டெய்னர்களை ஓட்ட டாக்கர், பாட்மேன் மாதிரி ஒரு மென்பொருள் வேண்டும். முதலில் போட்டது டாக்கர். பல வருடமாகக் கையில் புழங்கியது. எந்தக் கன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கம்போஸ் கோப்பு ஒன்று, அதில் ரீஸ்டார்ட் வரி ஒன்று. கரண்ட் போய் வந்தால் டெமன் (பின்னணியில் எப்போதும் ஓடும் டாக்கரின் நிரல்) எழும், அதுவே கன்டெய்னர்களையும் எழுப்பிவிடும். இந்த விஷயத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

உறுத்தியது வேறு. யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலில், செயலியின் 8000 போர்ட்டையும் தொலைவிலிருந்து நுழைவதற்கான எஸ்எஸ்எச்சையும் தவிர எல்லாவற்றையும் மூடியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை வைஃபையில் இருந்தபடி என் போனிலிருந்து போஸ்ட்கிரெஸின் போர்ட்டான 5432ஐத் தட்டிப் பார்த்தேன். திறந்தது. ஊர்ப்பட்ட பேரின் கடன் கணக்கு அதற்குள்தான் இருக்கிறது. டாக்கர் ஒரு போர்ட்டை வெளியே விடும்போது ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் பாக்கெட் வடிகட்டி) தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்கிறது; யுஎஃப்டபிள்யூ காவல் நிற்கிற வாசலுக்கு அந்தப் பாக்கெட் வருவதே இல்லை. டாக்கரின் ஆவணத்திலேயே இது இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 (அந்தக் கணினிக்குள் மட்டும் என்ற முகவரி) என்று சேர்த்ததும் அடைபட்டது. ஆனாலும் டாக்கர் குழுவில் (டாக்கரை இயக்க அனுமதி பெற்றவர்கள்) இருக்கிற பயனர், எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டுக்குச் சமம் என்பது அப்படியேதான் இருந்தது. கடைப்பையன்கள் தொடுகிற கணினியில் அதை விட்டுவைக்க எனக்கு மனமில்லை.

அதனால் பாட்மேன். இதற்கு டெமனே கிடையாது. சாதாரணப் பயனராகவே ஓடும். இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) வடிவம் 2015இல் தொடங்கிய ஓசிஐ என்ற பொதுத் தரத்தின்படி என்பதால், டாக்கரில் கட்டியதை மாற்றாமல் அப்படியே ஓட்டினேன். கம்போஸுக்குப் பதில் குவாட்லெட்: கன்டெய்னருக்கு ஒரு சின்னக் கோப்பு, சேவைகளை எழுப்பி நிறுத்தும் லினக்ஸின் சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும். பாட்மேன் 4.4இல் வந்த வசதி இது. லினக்ஸ் வகைகளில் டெபியன் 12இல் 4.3தான் இருக்கிறது, அதனால் உபுண்டு 24.04 போட்டேன்.

நாலாம் நாள் கரண்ட் போய் வந்தது. மாமா போன் பண்ணினார். "மாப்ள, கணக்கு வரலியே."

எஸ்எஸ்எச்சில் நுழைந்து பார்த்தேன். இரண்டு கன்டெய்னரும் ஓடிக்கொண்டிருந்தன. "இப்ப வந்துடுச்சு மாப்ள" என்றார். சரி என்று வெளியே வந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி போன்: "போயிடுச்சு." திரும்ப நுழைந்தேன், வந்தது. வெளியே வந்தேன், போனது. மூன்றாவது தடவைதான் உறைத்தது: நான் உள்ளே இருக்கும்வரைதான் அது ஓடுகிறது! பயனருடைய சேவைகள் அவர் லாகின் செய்யும்போது எழும்; கடைசி செஷன் முடிந்தால் சிஸ்டம்டி அவற்றையும் நிறுத்திவிடும். லிங்கர் என்ற அமைப்பை அந்தப் பயனருக்கு ஒருமுறை இயக்கிவிட்டால், லாகின் இல்லாமலே பூட் ஆனதும் எழும். ஒரே ஒரு கட்டளை.

பாட்மேனுக்கு மாறுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 1024க்குக் கீழே உள்ள போர்ட் சாதாரணப் பயனருக்குக் கிடைக்காது, இமேஜ் பெயரை ரெஜிஸ்ட்ரியோடு (இமேஜ் இருக்கிற கிடங்கு) முழுசாக எழுதுவது நல்லது என்பதெல்லாம் அப்புறம் தானாகப் பிடிபடும்.

என் லேப்டாப்பில் இன்னும் டாக்கர்தான். கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கம்போஸ் கோப்பை வைத்தே பேசுகிறோம், அதை மாற்றக் காரணமில்லை. கடைக்கு மட்டும் பாட்மேன்.

அடுத்த ஞாயிறு கடைக்குப் போனேன். கரண்ட் வந்ததும் கணினி தானே எழும்படி பயாஸில் மாற்றிவிட்டு, மாமாவை மெயினை இறக்கி ஏற்றச் சொன்னேன். கீபோர்டைத் தொடவில்லை. மாமாவின் போனில் பக்கத்தைப் புதுப்பித்தபடி இருவரும் நின்றோம். படகுகளின் பட்டியல் வந்தது. போனை வாங்கிக்கொண்டு, வாசலில் காத்திருந்தவருக்கு இரண்டு கிலோ ஈயக்குண்டு பற்று எழுத ஆரம்பித்துவிட்டார்.