ஜேஆர்எஃப் கிடைத்தது: நுரையீரல் நோயெதிர்ப்பியலை நான் படித்த விதம்

நெட் (ஆராய்ச்சிக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு) உயிர் அறிவியல் முடிவு வந்துவிட்டது. ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) பட்டியலில் என் எண்ணும் இருக்கிறது. வாழ்த்துச் சொல்லும் தம்பி தங்கைகள் அதே கையோடு, "நோயெதிர்ப்பியலை எப்படிப் படித்தீர்கள் அக்கா?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில் சிடி எண்களின் (செல்லின் மேற்பரப்பில் உள்ள புரதங்களுக்கான அடையாள எண்கள்) அட்டவணை ஒன்றைக் கையில் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். வாங்கிய கட்டணத்துக்கு அவ்வளவுதான். அந்த அட்டவணை தேர்வின் பகுதி பி-க்கு ஓரளவு உதவும். பகுதி சி வேறு மாதிரி. இன்ன ஜீனை நீக்கிய எலிக்கு இன்ஃப்ளூயன்சா கொடுத்தால் இரண்டாம் நாள் என்ன நடக்கும், பத்தாம் நாள் என்ன நடக்கும் என்கிற பாணியில் கேட்பார்கள். அதற்கு எந்த செல் எப்போது வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கரை சேர்த்தது இந்த 'எப்போது' ஒன்றுதான்.

ஏ4 தாளைப் படுக்கை வசத்தில் வைத்து நடுவில் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே மணியும் நாளும், மேலே செல்கள், சிவப்பு மையில் வைரஸ். எடுத்துக்கொண்ட மாதிரி, எலியின் நுரையீரலில் இன்ஃப்ளூயன்சா.

முதல் சில மணி நேரம் முழுக்க இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதத்துக்கு உரியது. சளிப்படலத்தையும் அங்கே காவலிருக்கும் ஐஜிஏ எதிர்பொருளையும் தாண்டி வைரஸ் மூச்சுப்பாதையின் உள்ளுறையான எபிதீலிய செல்லுக்குள் போனதும், வைரஸின் ஆர்என்ஏ முனையில் உள்ள டிரைபாஸ்பேட்டை ரிக்-ஐ என்னும் உணரிப் புரதம் அடையாளம் காண்கிறது. பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிடிக் செல் என்னும் நோயெதிர்ப்பு செல்லில் அதே வேலையை எண்டோசோமுக்குள் (செல்லின் உட்பைக்குள்) இருக்கும் டிஎல்ஆர்7 என்னும் உணரி செய்கிறது. இரண்டின் விளைவும் இன்டர்ஃபெரான். 1957-இல் ஐசக்ஸும் லிண்டன்மானும் லண்டன் மில் ஹில்லில் செய்த சோதனையை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். சூடேற்றிச் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கோழி முட்டையின் சவ்வோடு வைத்தார்கள். அங்கிருந்து வெளிவந்த பொருள், புதிய சவ்வுகளில் உயிருள்ள வைரஸ் பெருகாமல் தடுத்தது. இன்டர்ஃபெரான் வைரஸை நேரடியாகத் தாக்குவதில்லை. பக்கத்து செல்லை எச்சரித்து, எம்எக்ஸ், பிகேஆர், ஓஏஎஸ் போன்ற புரதங்களைத் தயாராக வைத்துக்கொள்ளச் செய்கிறது. இது மனத்தில் நின்றுவிட்டால் பாதிக் கேள்விகள் தாமாக அவிழும். வைரஸும் சும்மா இருப்பதில்லை, அதன் என்எஸ்1 புரதம் ரிக்-ஐ வழியையே அடைக்கிறது. இன்டர்ஃபெரானில் வகைகள் உண்டு. வகை III இன்டர்ஃபெரானின் ஏற்பி பெரும்பாலும் எபிதீலிய செல்களில்தான் உண்டு. அதனால் வீக்கத்தை அதிகம் கிளப்பாமல் காக்கிறது.

நுரையீரலின் காற்றுப்பைகளில் தங்கி அந்நியப் பொருட்களை விழுங்கும் நுண்ணறை மேக்ரோபேஜுக்குத் தனித் தாளே கொடுத்தேன். எல்லா மேக்ரோபேஜும் எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் மோனோசைட் என்னும் வெள்ளணுதான் என்று இன்னமும் சிலர் கற்பிக்கிறார்கள். ஆனால் இந்த நுண்ணறை மேக்ரோபேஜுகள் கருவின் கல்லீரலில் தோன்றிய மோனோசைட்டுகளிலிருந்து வந்து, பிறந்த சில நாட்களிலேயே நுண்ணறையில் குடியேறி, பின்னர் அங்கேயே பெருகித் தம்மைப் பேணிக்கொள்கின்றன. இதற்கு ஜிஎம்-சிஎஸ்எஃப் என்னும் வளர்ச்சிச் சமிக்ஞைப் புரதம் அவசியம். அது இல்லாத எலியில் இந்த செல்கள் முதிர்வதில்லை, நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்னும் பூச்சு அங்கே தேங்கிவிடுகிறது. நோயெதிர்ப்புக் கேள்வி உடலியங்கியல் வேடத்தில் வரும் இடம் இது. சாதாரண நாட்களில் இவை தூசியையும் பழைய சர்ஃபாக்டன்டையும் விழுங்கிக்கொண்டு அடங்கி இருக்கும். ஒவ்வொரு தூசிக்கும் பொங்கினால் நாம் மூச்சுவிட முடியுமா?

மற்றவை வேகமாக:

முதல் மூன்று நாள்: நியூட்ரோஃபில் (முதலில் ஓடிவரும் வெள்ளணு), மோனோசைட், என்கே செல் (தொற்றிய செல்லைக் கொல்லும் இயற்கைக் கொல்லி செல்). என்கே செல்லின் என்கேபி46 ஏற்பி, வைரஸின் மேற்பரப்புப் புரதமான ஹீமக்ளூட்டினினோடு பிணையும்.

அதே நாட்களில்: சிடி103 கொண்ட டென்ட்ரிடிக் செல்கள், வழிகாட்டும் ஏற்பியான சிசிஆர்7 துணையோடு, நெஞ்சு நிணநீர்க் கணுவுக்குப் போய் டி செல்களுக்கு வைரஸின் துண்டுகளைக் காட்டும்.

ஆறு, ஏழாம் நாள் வாக்கில்: சிடி8 டி செல்கள் நுரையீரலை நிறைக்கும். அவற்றின் ஆயுதங்கள், தொற்றிய செல்லைக் கொல்லும் பெர்ஃபோரின், கிரான்சைம் புரதங்கள்.

அதன் பிறகு: எதிர்பொருள் ஏறும், வைரஸ் ஒழியும். அதே சிடி8 செல்கள் ஐஎல்-10 என்னும் தணிப்புப் புரதத்தைச் சுரந்து வீக்கத்தையும் தணிக்கும். பலர் கோட்டைவிடும் இடம்.

எஞ்சுவது: சிடி69, சிடி103 தாங்கிய உறைவிட நினைவு டி செல்கள் (தொற்று நடந்த இடத்திலேயே தங்கி அதை நினைவில் வைத்திருப்பவை). நுரையீரலில் இவை நெடுநாள் நிலைப்பதில்லை, எலியில் சில மாதங்களில் குறைந்துவிடும்.

இப்போது எந்த நாக்அவுட் எலியை (ஒரு ஜீன் நீக்கப்பட்ட எலி) கொடுத்தாலும் தாளில் விரல் வைத்துப் பார்க்கலாம். டி, பி செல்கள் உருவாகத் தேவையான ராக் ஜீன் இல்லையா? முதல் நாட்களில் பெரிய வித்தியாசம் இராது, பத்தாம் நாளிலும் வைரஸ் ஒழியாது. வகை I இன்டர்ஃபெரான் ஏற்பி இல்லையா? சிக்கல் கோட்டின் இடது முனையிலேயே தொடங்கும். மனிதர்களிலும் இதைக் கண்டார்கள். 2020-இல் வெளியான ஆய்வில், உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியா நோயாளிகளில் சுமார் 10 சதவீதத்தினரின் இரத்தத்தில் வகை I இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் தன்னெதிர்பொருள்கள் இருந்தன.

என் அறைத்தோழி ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு நிறம் வைத்து, தடித்த நோட்டு எழுதி, என்னைவிட நல்ல இடம் பெற்றாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. உங்களுக்கு இருந்தால் அவள் வழியில் போங்கள், ஆனால் கோட்டையும் போட்டு வையுங்கள்.

தேர்வறைக்கு:

சைட்டோகைன் (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்கள்) பட்டியலைக் கடைசி வாரத்தில் புதிதாகத் தொடாதீர்கள்.

கேள்வியில் வரைபடம் இருந்தால், கிடை அச்சில் உள்ளது மணியா நாளா என்று முதலில் பாருங்கள்.

பகுதி சி-யில் 75 கேள்விகளில் 25-க்குத்தான் விடையளிக்க வேண்டும். நாள் குறிப்பிட்ட கேள்விகளை முதலில் எடுங்கள். வெறும் சிடி எண்கள் அணிவகுத்து நிற்கும் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அங்கே ஊகித்துத் தவறினால் ஒரு மதிப்பெண் போய்விடும்.