எடை போட 40 நிமிடம், நிரூபிக்க 14 மாதம்

அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய ஒரு லாரியைச் சாலையில் நிறுத்தி எடை போட எங்களுக்கு 40 நிமிடம் ஆயிற்று; அந்த எடையை நீதிமன்றத்தில் நிரூபிக்க 14 மாதங்கள் ஆயின. வாகன விதிகளை அமல்படுத்தும் பணியில் இருக்கும் நான் அவ்வழக்கின் முதல் சாட்சி.

பின் அச்சில் அனுமதிக்கப்பட்டதைவிட 3 டன் கூடுதலாக இருந்தது. அச்சின் மீதான எடை இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது, 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸில் நடந்த சாலைச் சோதனையிலிருந்து பெறப்பட்ட கணக்கு. பிரேக் பிடித்தும் வண்டி நிற்காமல் போவது அதைவிட உடனடியான ஆபத்து. ஆகவே வழக்குப் போட நான் தயங்கவில்லை.

சக்கரங்களுக்கு அடியில் வைத்த எடைத்தட்டுகள் சமதளத்தில்தான் இருந்தனவா, அன்றைய தேதியில் அவற்றின் துல்லியச் சான்று செல்லுபடியானதா என்று எதிர்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். நியாயமான கேள்விகள், ஒருவரைத் தண்டிக்கக் கோருபவர்கள் அவற்றுக்குப் பதில் வைத்திருக்கத்தான் வேண்டும். சான்று நடப்பில்தான் இருந்தது, ஆனால் கோப்பில் அதன் நகல் இல்லை. அதற்காக ஒரு வாய்தா. தட்டுகளைச் சரிபார்த்தவர் மாற்றலாகிப் போயிருந்ததால், அவருக்குச் சம்மன் சேர்வதற்குள் மேலும் இரண்டு. ஏராளமான வழக்குகளைச் சுமந்த அரசு வழக்கறிஞருக்கோ எங்கள் கோப்பைப் படிக்க விசாரணை நாளின் காலைப்பொழுதுதான் கிடைத்தது.

எங்கள் குழுவில் நால்வர். வண்டியை நிறுத்தவும், தட்டுகளை வைக்கவும், எடையைப் பதியவும் குறைந்தது மூவர் வேண்டும் என்பதால், நானும் உடன் சாட்சியும் நீதிமன்ற வராந்தாவில் காத்திருந்த ஒவ்வொரு நாளும் சாலையில் சோதனையே நடக்கவில்லை. எத்தனை வண்டிகளைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு ஆண்டுத் திட்டத்தில் இலக்கு இருந்தது. சாட்சி சொல்லப் போகும் நாட்களுக்கு அதில் இடமே இல்லை. இந்த விடுபடல்தான் என்னை மிகவும் வருத்தியது.

வழக்கைக் காப்பாற்றியது சரக்குச் சீட்டு. ஏற்றிய எடை அதில் எழுதப்பட்டிருந்ததாலும், அதை அன்றே நாங்கள் கைப்பற்றியிருந்ததாலும், பொறுப்பு ஓட்டுநரோடு நின்றுவிடாமல் உரிமையாளரையும் சேர்ந்தது; அபராதம் அவருக்கும் விதிக்கப்பட்டது.

இப்போது துல்லியச் சான்றின் நகல்களைத் தட்டுகளோடு வண்டியிலேயே வைத்திருந்து, எடைச்சீட்டுடன் அங்கேயே இணைத்துவிடுகிறோம். அடுத்த ஆண்டுக்கான நிதிக் கோரிக்கையில், நீதிமன்றத்தில் கழிந்த நாட்களை ஆள்வாரியாகக் கணக்கிட்டு, கோப்புகளைத் தயாரிக்க ஓர் எழுத்தரையும் கேட்டிருக்கிறேன்.