‘இல்லை’ என்று தட்டும் முன்: என்கிரிப்ஷனும் ஏற்றுமதிச் சட்டமும்

ஆப் ஸ்டோரில் ஆப்பின் புதுப் பதிப்பை (பில்ட்) ஏற்றும்போதெல்லாம், அதில் என்கிரிப்ஷன் (தரவை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டுவது) இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். பலர் படிக்காமலே ‘இல்லை’ என்று தட்டிவிடுகிறார்கள். சென்னையில் எழுதிய ஆப்பானாலும் ஆப்பிளின் அமெரிக்க சர்வரில் ஏறி, அங்கிருந்துதான் மற்ற நாடுகளுக்குப் போகிறது. அதனால் என்கிரிப்ஷனைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க ஏற்றுமதி விதி அதையும் பிடிக்கும்.

ஐஓஎஸ் தரும் எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணையத் தொடர்பு) மட்டும்தான் என்றால் கவலையில்லை, விலக்கு உண்டு. ஆப்பின் விவரங்கள் இருக்கும் இன்ஃபோ பிலிஸ்ட் கோப்பில் அதற்கான கீயை ‘நோ’ என்று வைத்துவிட்டால் கேள்வியே வராது. ஏஇஎஸ் போன்ற தரநிலை அல்காரிதத்தை நீங்களே லைப்ரரியாகச் சேர்த்திருந்து, பிரான்சிலும் வெளியிடுகிறீர்கள் என்றால், அந்நாட்டு அறிவிப்புப் படிவத்தை ஆப்பிள் கேட்கும். சொந்தமாக ஒரு சைஃபர் (என்கிரிப்ஷன் முறை) எழுதியிருந்தால்தான் தலைவலி: அமெரிக்க வணிகத் துறையின் பிஐஎஸ் தரும் வகைப்பாட்டுக் கடிதமும் வேண்டும். வீட்டுத் தயாரிப்பு சைஃபர் பாதுகாப்பிலும் பெரும்பாலும் ஓட்டைதான், அது வேறு கதை.

ஓப்பன் சோர்ஸுக்கு வழி எளிது. சோர்ஸை (நிரலின் மூல வரிகளை) எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டுவிட்டால் அமெரிக்க விதிகள் அதைத் தொடுவதில்லை. முன்பெல்லாம் பிஐஎஸ்ஸுக்கும் அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவுக்கும் அதன் இணைய முகவரியை மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும். மார்ச் 2021 முதல் தரநிலையில் இல்லாத என்கிரிப்ஷன் உள்ள நிரலுக்கு மட்டுமே அது தேவை. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து இன்னும் அனுப்புகிறவர்கள் உண்டு; அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

வழுக்கும் இடம் ‘வெளியிடுதல்’ என்ற சொல்தான். பிரைவேட் ரெப்போவில் (அனுமதி உள்ளவர் மட்டும் பார்க்கும் நிரல் கிடங்கில்) கிடப்பது வெளியீடு ஆகாது. சோர்ஸை மூடி வைத்துக்கொண்டு பீட்டா பைனரியை (இயக்கத் தயாரான சோதனைப் பதிப்பை) மட்டும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பினால், ‘நாங்கள் ஓப்பன் சோர்ஸ்தானே’ என்ற பேச்சு எடுபடாது. 2019-ல் நிரல் பகிரும் தளமான கிட்ஹப் ஈரான், சிரியா, கிரிமியாவில் இருந்தவர்களைக் கட்டுப்படுத்தியபோது பிரைவேட் ரெப்போக்கள்தான் மாட்டின. பொது ரெப்போக்கள் திறந்தே இருந்தன.

இந்தப் பிரிவினையின் வேர் 1990களில் இருக்கிறது. வலுவான என்கிரிப்ஷனை மென்பொருளாக அமெரிக்காவிலிருந்து அனுப்பத் தடை, அச்சிட்ட புத்தகத்துக்குத் தடை இல்லை. 1997-ல் மின்னஞ்சலை என்கிரிப்ட் செய்யும் பிஜிபி 5.0-வின் சோர்ஸை 6,000 பக்கங்களுக்கு மேல் அச்சடித்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய், அங்கே ஸ்கேன் செய்து மீண்டும் மென்பொருளாக்கினார்கள். ஒரே நிரல்தான், காகிதத்தில் இருந்தால் பேச்சு, ஃபிளாப்பியில் இருந்தால் ஆயுதம்!

இந்தியாவிலிருந்து நேராக அனுப்புகிறவர்கள் நம் சட்டத்தையும் பார்க்க வேண்டும். டிசம்பர் 2017-ல் இந்தியா, ஆயுதங்கள் போன்றவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு வாசெனார் உடன்பாட்டில் சேர்ந்தது. அதன் என்கிரிப்ஷன் பட்டியல் இங்கே நம் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்கோமெட்டின் 8-ஆம் பிரிவில் இருக்கிறது. பொதுவெளியில் உள்ள மென்பொருளுக்கு இங்கும் விலக்கு உண்டு. மூடிய சோர்ஸ் சரக்கு அந்தப் பட்டியலுக்குள் விழுந்தால், அனுப்பும் முன் டிஜிஎஃப்டியிடம் (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்திடம்) உரிமம் வாங்க வேண்டும். டவுன்லோட் லிங்க்கை மெயிலில் தட்டிவிடுவதும் ஏற்றுமதிதான். பெட்டி கட்டி கப்பலில் ஏற்ற வேண்டும் என்பதில்லை.